வைஃபையா, கேபிளா, போனா? நெட் தப்பான வழியில் போனால் கண்டுபிடித்துச் சரிசெய்வது

ஒரே லேப்டாப்பில் வீட்டு வைஃபை, ரவுட்டரிலிருந்து இழுத்த கேபிள், யூஎஸ்பியில் செருகிய போன், ஆபீஸ் நெட்வொர்க்கோடு சேர்க்கும் விபிஎன் என்று நான்கு இணைப்புகள் இருப்பது இப்போது சகஜம். நான்குமே 'கனெக்டட்' என்றுதான் காட்டும். ஆனால் நெட் இழுத்துக்கொண்டு வரும், அல்லது வரவே வராது. உடனே ரவுட்டரை அணைத்துப் போடுவதுதான் வழக்கம். அதற்கு முன் ஒரு நிமிடம் ஒதுக்கி ரூட்டிங் டேபிளைப் பாருங்கள். எந்த முகவரிக்கு எந்த இணைப்பு வழியாகப் போவது என்று கணினி வைத்திருக்கும் பட்டியல் அது. பல நேரம் ரவுட்டர் ஒரு தப்பும் செய்திருக்காது. கணினி வேறு வழியில் போய்க்கொண்டிருக்கும்.

எந்த லைனில் உண்மையிலேயே நெட் வருகிறது, எதற்குக் காசு அதிகம் என்றெல்லாம் கணினி யோசிப்பதில்லை. அது பார்ப்பது இரண்டே விஷயம். முதலாவது, போக வேண்டிய முகவரிக்கு டேபிளில் உள்ள எந்த வரி மிகக் குறுகலாகப் பொருந்துகிறது என்பது. சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள எண் பெரிதாக ஆக வரி குறுகும். 192.168.29.0/24 என்ற வரிக்குள் 256 முகவரிகள்தான் அடங்கும். 0.0.0.0/0 என்ற வரிக்குள் ஐபிவி4 முகவரிகள் (இப்படிப் புள்ளி வைத்த நான்கு எண்கள்) அத்தனையும் அடங்கும். குறுகலான வரி ஒன்று பொருந்தினால் அதற்கே முன்னுரிமை. வேறு எதுவும் பொருந்தாதபோது கடைசியாகக் கைகொடுக்கும் அந்த 0.0.0.0/0 வரிதான் டீஃபால்ட் ரூட்.

இரண்டாவது, ஒரே அகலமுள்ள வரிகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் மெட்ரிக் என்ற எண். எண் குறைந்தது ஜெயிக்கும். முதலில் அகலம், பிறகுதான் மெட்ரிக். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரிக்கை எவ்வளவு மாற்றினாலும் அசையாத சில கோளாறுகளுக்குக் காரணம் இதுதான்.

கீழே கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள்.

முதலில் டேபிளைப் பாருங்கள்

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'ரூட் பிரிண்ட்' (route print) என்று அடியுங்கள். நீளமாக ஏதேதோ வரும். மிரள வேண்டாம். ஐபிவி4 பகுதியின் தொடக்கத்தில் 0.0.0.0 என்று ஆரம்பிக்கும் வரிகள் மட்டும் போதும். உதாரணத்துக்கு:

0.0.0.0   0.0.0.0   192.168.29.1   192.168.29.47   35
0.0.0.0   0.0.0.0   192.168.42.129   192.168.42.88   25

இடமிருந்து வலமாக: போக வேண்டிய முகவரி, மாஸ்க் (வரியின் அகலத்தைச் சொல்வது), கேட்வே (வெளியே போகும் வாசலான ரவுட்டர் அல்லது போனின் முகவரி), அந்த இணைப்பில் நம் கணினிக்குக் கிடைத்திருக்கும் முகவரி, மெட்ரிக். இங்கே இரண்டு டீஃபால்ட் ரூட் இருக்கின்றன. மேலே இருப்பது வீட்டு வைஃபை, கீழே இருப்பது யூஎஸ்பியில் செருகிய போன். 35-ஐவிட 25 சின்னது. ஆக, வீட்டில் ஃபைபர் இருந்தும் வெளியே போவதெல்லாம் போன் வழியாகத்தான். மேலே எழுதியிருக்கிறதா கீழே எழுதியிருக்கிறதா என்பதற்கு அர்த்தமே இல்லை.

எந்த வரி எந்த லைன் என்று குழப்பமாக இருந்தால் கேட்வே முகவரியே காட்டிக்கொடுத்துவிடும். 192.168.29.1 என்றால் அநேகமாக ஜியோஃபைபர் ரவுட்டர். 172.20.10.1 ஐபோன் ஹாட்ஸ்பாட். 192.168.42.129 பழைய ஆண்ட்ராய்டு போன்களின் யூஎஸ்பி டெதரிங், அதாவது போன் தன் நெட்டை யூஎஸ்பி வழியாகக் கணினிக்குக் கொடுப்பது. புதிய ஆண்ட்ராய்டுகளில் இது மாறும். 192.168.137.1 என்றால் இன்னொரு விண்டோஸ் கணினி தன் நெட்டைப் பகிர்கிறது. 192.168.1.1-ஐ வைத்து எதையும் சொல்ல முடியாது, ஊரில் பாதி ரவுட்டர்களுக்கு அதுதான் முகவரி.

லினக்ஸில் 'ஐபி ரூட்' என்று அடித்தால் டீஃபால்ட் என்று தொடங்கும் வரிகள் வரும். மேக்கில் 'நெட்ஸ்டாட்' கட்டளையோடு மைனஸ் ஆர்என் சேர்த்துப் பாருங்கள்.

டேபிளைப் படித்து ஊகிப்பதைவிடக் கணினியிடமே கேட்டுவிடுவது நல்லது. வெளியே இருக்கும் கூகுளின் முகவரி 8.8.8.8-ஐ உதாரணமாக வைத்துக்கொள்வோம். லினக்ஸில் 'ஐபி ரூட் கெட் 8.8.8.8' என்றால் எந்த இணைப்பு, எந்த கேட்வே, எந்த முகவரியிலிருந்து என்று ஒரே வரியில் பதில் வரும். மேக்கில் 'ரூட் கெட் 8.8.8.8'. விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து ஃபைண்ட்-நெட்ரூட். அதுவும் வேண்டாம் என்றால் 'ட்ரேசர்ட் மைனஸ் டி 8.8.8.8' (tracert -d 8.8.8.8) அடித்து, முதல் வரியில் எந்த முகவரி வருகிறது என்று பாருங்கள். அதுதான் உங்கள் கணினி உண்மையில் பயன்படுத்தும் கேட்வே. மற்ற வரிகளை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

அறிகுறி: கேபிள் செருகியிருக்கிறது, ஆனால் வைஃபை வழியாகத்தான் போகிறது

கேபிள் என்றால் தானாக முன்னுரிமை உண்டு என்று பலரும் நம்புகிறார்கள். விண்டோஸில் அப்படி ஒரு விதி கிடையாது. அது லிங்க் வேகத்தைப் பார்த்து மெட்ரிக் போடுகிறது. லிங்க் வேகம் என்றால் நீங்கள் மாதாமாதம் காசு கட்டும் பிளானின் வேகம் அல்ல. கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள வேகம் மட்டுமே.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கணக்கு இப்படி: கேபிள் 1 ஜிபிபிஎஸ்ஸில் இணைந்தால் மெட்ரிக் 25. அதே கேபிள் 100 எம்பிபிஎஸ்ஸில் இணைந்தால் 35. வைஃபைக்குத் தனிப் பட்டியல். 500 எம்பிபிஎஸ் முதல் 2 ஜிபிபிஎஸ் வரை 30, 200 முதல் 500 வரை 35, 80 முதல் 150 வரை 45, 50 முதல் 80 வரை 50. 5 கிகாஹெர்ட்ஸில் 866 எம்பிபிஎஸ் காட்டும் சாதாரண வைஃபைக்கு 30 கிடைக்கும். இப்போது பொருத்திப் பாருங்கள். ஜிகாபிட் கேபிளுக்கு 25, வைஃபைக்கு 30, கேபிள் ஜெயிக்கிறது. கேபிள் ஏதோ காரணத்தால் 100-க்கு இறங்கிவிட்டால் 35. வைஃபை முந்திவிடும்.

அந்த 'ஏதோ காரணம்' பெரும்பாலும் கேபிளேதான். ஜிகாபிட்டுக்கு உள்ளே இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் சரியாக இருக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். 1, 2, 3, 6 ஆகிய பின்கள் மட்டும். ஆர்ஜே45 கனெக்டரை கிரிம்ப் செய்யும்போது ஒரு நீலக் கம்பி சரியாகக் கடிபடவில்லை என்றாலோ, கதவிடுக்கில் கேபிள் நசுங்கியிருந்தாலோ, இணைப்பு அறுந்து போகாது. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். விளக்கும் எரியும், 'கனெக்டட்' என்றும் காட்டும். அதனால்தான் இதை யாரும் சந்தேகப்படுவதில்லை.

விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க், ஈதர்நெட் என்று போனால் லிங்க் ஸ்பீட் என்ற வரி இருக்கும். 1000/1000 என்று இருந்தால் கேபிள் சரி. 100/100 என்று இருந்தால் முதலில் கடையில் வாங்கிய சின்ன கேபிள் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதிலும் 100 என்றால் ரவுட்டரின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்ஸாக இருக்கலாம். மலிவு ரவுட்டர்கள் பலவற்றில் இன்னும் அப்படித்தான்.

லிங்க் ஸ்பீட் 1000 என்று இருக்கிறது, இருந்தும் வைஃபைதான் ஜெயிக்கிறது என்றால், ரூட் பிரிண்டில் கேபிளின் 0.0.0.0 வரியில் மெட்ரிக் 281 என்று காட்டுகிறதா பாருங்கள். காட்டினால் கேபிளுக்கு ஐபி முகவரியை யாரோ கையால் போட்டிருக்கிறார்கள். டிஹெச்சிபி (ரவுட்டர் தானாக முகவரி கொடுக்கும் முறை) மூலம் வந்த கேட்வேக்கு விண்டோஸ் இணைப்பின் எண்ணை மட்டும் கணக்கில் எடுக்கும். கையால் போட்ட கேட்வேக்கு அதோடு 256-ஐக் கூட்டும். 256-உம் 25-உம் சேர்ந்து 281. வைஃபை டிஹெச்சிபியில் 50 எடுத்தாலும் அதுதான் ஜெயிக்கும். சிசிடிவிக்காகவோ பிரிண்டருக்காகவோ ஸ்டாடிக் ஐபி போட்ட கணினிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். கேபிளை டிஹெச்சிபிக்கு மாற்றிவிட்டு, அதே முகவரி எப்போதும் கிடைக்கும்படி ரவுட்டரில் ரிசர்வ் செய்வதுதான் என் சிபாரிசு. 

கையாலேயே எண்ணைப் போட வேண்டும் என்றால், ரன் பெட்டியில் என்சிபிஏ டாட் சிபிஎல் (ncpa.cpl) என்று அடித்து, கேபிள் இணைப்பின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, ஐபிவி4, அட்வான்ஸ்டு என்று உள்ளே போங்கள். ஆட்டோமேட்டிக் மெட்ரிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு 10 என்று போடுங்கள். அதே பக்கத்தில் மேலே கேட்வேக்கும் தனியாக ஒரு மெட்ரிக் இருக்கும். ஸ்டாடிக் ஐபிக்காரர்கள் அதையும் எடிட் செய்து 1 ஆக்க வேண்டும். கீழே உள்ளதை மட்டும் 10 ஆக்கிவிட்டு, 'போட்டேன், வேலை செய்யவில்லை' என்று சொல்பவர்களுக்கு 266 காட்டிக்கொண்டிருக்கும்.

2 ஜிபிபிஎஸ்ஸுக்கு மேல் இணையும் வைஃபை 6 கார்டுகளில் வைஃபைக்கும் 25 கிடைக்கும். ஜிகாபிட் கேபிளும் 25. இந்த மாதிரி சமநிலையை அதிர்ஷ்டத்துக்கு விடாமல் கையால் எண் போட்டுவிடுங்கள்.

லினக்ஸில் இந்தத் தலைவலி குறைவு. அங்கே இணைப்புகளைக் கவனித்துக்கொள்ளும் நெட்வொர்க்மேனேஜர் வேகத்தைப் பார்ப்பதில்லை, வகையைப் பார்க்கிறது: ஈதர்நெட்டுக்கு 100, வைஃபைக்கு 600, சிம் போட்ட மோடத்துக்கு 700. மேக்கில் எண்ணே கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம். சிஸ்டம் செட்டிங்ஸில் நெட்வொர்க் பக்கத்துக்குப் போய், கீழே மூன்று புள்ளியை அழுத்தி 'செட் சர்வீஸ் ஆர்டர்' என்பதைத் திறந்தால் ஒரு பட்டியல் வரும். இயங்கும் இணைப்புகளில் எது மேலே இருக்கிறதோ அதுவே டீஃபால்ட். பிடித்து இழுத்து மேலே வைத்தால் முடிந்தது வேலை.

அறிகுறி: போனைச் சார்ஜுக்குப் போட்டால் அன்றைய டேட்டா காலி

நாளுக்கு 1.5 ஜிபி என்று எண்ணி எண்ணிச் செலவழிக்கும் ஊரில் இது பெரிய விஷயம். என்றோ ஒரு நாள் கரண்ட் போனபோது யூஎஸ்பி டெதரிங் ஆன் செய்திருப்பீர்கள். அணைக்காமலே போனை லேப்டாப்பில் செருகி வைத்திருந்தால், கணினிக்கு அது போன் அல்ல, இன்னொரு ஈதர்நெட் கார்டு. விண்டோஸில் அதற்குக் கேபிள் பட்டியலின்படி எண் கிடைக்கும், பெரும்பாலும் 25. லினக்ஸில் ஈதர்நெட் என்பதால் 100. இரண்டு இடத்திலும் வைஃபை தோற்றுவிடும். பின்னணியில் ஒரு பெரிய அப்டேட் இறங்கினால் போதும்.

போனிலேயே டெதரிங்கை அணைப்பதுதான் நேரான தீர்வு. போனைச் சார்ஜ் செய்ய மட்டும் லேப்டாப்பில் செருகுபவர்களுக்கு அது போதும். போன் அவசரத்துக்கு ஒரு மாற்று வழியாகத் தயாராக இருக்கவும் வேண்டும், சும்மா இருக்கும்போது டேட்டாவைத் தின்னவும் கூடாது என்றால், அந்த இணைப்பின் மெட்ரிக்கை 500 மாதிரி பெரிய எண்ணாகப் போட்டுவிடுங்கள். வீட்டு வைஃபை துண்டித்தால் மட்டும் போனுக்கு வாய்ப்பு வரும். லினக்ஸில் கனெக்ஷன் எடிட்டரில் ஐபிவி4-இன் ரூட் மெட்ரிக்கை 800 ஆக்கலாம்.

'மீட்டர்டு கனெக்ஷன்' என்று குறித்துவிட்டேனே என்பார்கள். அது விண்டோஸ் அப்டேட் போன்ற சில வேலைகளை அடக்கி வைக்கும், அவ்வளவுதான். வழியை மாற்றாது. யூடியூப் ஓடினால் போன் டேட்டாவில்தான் ஓடும்.

மெட்ரிக் எல்லாம் சரியாகப் போட்டும் போன் டேட்டா குறைந்துகொண்டே போகிறதா? ஐபிவி4-க்கு அடுத்து வந்த முகவரி முறையான ஐபிவி6-ஐப் பாருங்கள். ஐபிவி6-க்குத் தனி டேபிள், தனி டீஃபால்ட் ரூட், தனி மெட்ரிக். வீட்டு லைனில் ஐபிவி6 இல்லாமல் போனில் மட்டும் இருந்தால், அந்தப் பக்கம் போட்டியே இல்லை. போன்தான் ஒரே வழி. பெரிய தளங்கள் பலவும் ஐபிவி6-இலும் கிடைப்பதால், பிரவுசர் அதைத்தான் முதலில் முயலும். இந்தியாவில் மொபைல் நெட்வொர்க்குகளில் ஐபிவி6 பரவலாக இருப்பதால் இந்தக் கோளாறு இங்கே கொஞ்சம் அதிகம். ரூட் பிரிண்டில் கீழே ஐபிவி6 பகுதியில் ::/0 என்ற வரி எந்த கேட்வேயைக் காட்டுகிறது என்று பாருங்கள். போனைக் காட்டினால், போன் இணைப்பின் பிராப்பர்ட்டீஸில் ஐபிவி6 டிக்கை எடுத்துவிடுங்கள். ஐபிவி6-ஐ ஒட்டுமொத்தமாக அணைக்கச் சொல்லும் ஆலோசனைகளைக் கேட்க வேண்டாம். அந்த ஒரு இணைப்பில் மட்டும் போதும்.

அறிகுறி: டிவிஆர், மெஷின், பிரிண்டர் கேபிளைச் செருகினால் நெட் நின்றுவிடுகிறது

கணினி வைஃபையில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். சிசிடிவி காட்சிகளைப் பதிவு செய்யும் டிவிஆரைப் பார்க்கவோ, பட்டறையில் மெஷினின் கன்ட்ரோலரோடு பேசவோ கேபிளைச் செருகுவார்கள். அடுத்த நொடி நெட் போய்விடும். கேபிளைப் பிடுங்கினால் வந்துவிடும்.

கேபிள் இணைப்புக்கு ஐபி போடும்போது கேட்வே என்ற கட்டத்தையும் நிரப்பியிருப்பார்கள். விண்டோஸில் முன்பு சொன்ன 256 கூடுவதால் டிஹெச்சிபி வைஃபை தப்பித்துவிடும். ஆனால் வைஃபைக்கும் கையால் ஐபி போட்டிருந்தாலோ, கேபிளின் கேட்வே மெட்ரிக்கை 1 ஆக்கியிருந்தாலோ கேபிள் முந்தலாம். லினக்ஸில் கேபிளுக்கு எப்படியும் 100தான். படிவத்தில் கட்டம் இருந்தால் நிரப்பத் தோன்றும். அது மனித இயல்பு. ஆனால் அந்தக் கட்டத்தை நிரப்புவது 'உலகம் முழுவதற்கும் இந்தப் பக்கம் வழி உண்டு' என்று கணினிக்கு வாக்குக் கொடுப்பதற்குச் சமம். டிவிஆர் எந்த உலகத்துக்கும் வழிகாட்டாது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். ஐபியும் மாஸ்க்கும் இருந்தால் டிவிஆரோடு பேச அதுவே போதும், ஏனென்றால் அந்த நெட்வொர்க்குக்கான குறுகலான வரி தானாகவே டேபிளில் வந்துவிடும்.

இரண்டு இணைப்புகளில் இரண்டு கேட்வே போடும்போது விண்டோஸ் ஒரு எச்சரிக்கை காட்டும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு நெட்வொர்க்குகளில் ஆளுக்கொரு கேட்வே வைத்தால் சரியாக இயங்காது என்பதுதான் அதன் சாரம். படிக்காமல் 'எஸ்' அழுத்தியிருப்பீர்கள்.

நீங்கள் எதையும் நிரப்பவில்லை, டிஹெச்சிபிதான், இருந்தும் இப்படி என்றால், அந்தப் பக்கத்தில் யாரோ பழைய ரவுட்டரை ஸ்விட்ச்சாகப் போட்டிருக்கலாம். அது தன்னையே கேட்வே என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கும், பின்னால் நெட்டே இருக்காது. அதன் டிஹெச்சிபியை அணையுங்கள். லினக்ஸில் கணினிப் பக்கமே சரிசெய்யலாம்: அந்த இணைப்பின் ஐபிவி4 பக்கத்தில், 'இதன் நெட்வொர்க்கில் உள்ளவற்றுக்கு மட்டும் இந்த இணைப்பைப் பயன்படுத்து' என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும். அதைப் போட்டால் அந்தப் பக்கம் டீஃபால்ட் ரூட் உருவாகவே உருவாகாது.

பட்டறை நெட்வொர்க் பெரிதாக இருந்து, பின்னால் இன்னும் சில பிரிவுகள் இருந்தால் கேட்வே தேவைப்படும். அப்போதும் டீஃபால்ட் வேண்டாம், அந்தப் பிரிவுக்கு மட்டும் ஒரு வரி போதும். விண்டோஸில் அட்மினாகத் திறந்து, ரூட் கட்டளையோடு மைனஸ் பி, ஆட், 10.20.0.0, மாஸ்க், 255.255.0.0, 10.10.1.1 என்று வரிசையாக அடியுங்கள். கடைசி எண் உங்கள் பட்டறையின் உள் கேட்வே. மைனஸ் பி இல்லாவிட்டால் கணினியை ரீஸ்டார்ட் செய்ததும் அந்த வரி போய்விடும்.

அறிகுறி: ரவுட்டரில் சிவப்பு விளக்கு, ஹாட்ஸ்பாட் தயார், கணினி மட்டும் நகர மறுக்கிறது

ஃபைபர் எங்கோ அறுந்து, சிக்னல் இல்லை என்று சொல்லும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிகிறது. யூஎஸ்பியில் போன் தயாராக இருக்கிறது. கணினியோ செத்த கேபிளையே பிடித்துக்கொண்டு நிற்கிறது. காரணம், கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள லிங்க் நன்றாகத்தான் இருக்கிறது. அறுந்தது அதற்கு அப்பால். மெட்ரிக் பழையபடியே இருப்பதால் முடிவும் பழையபடியே. விண்டோஸ் பூகோள ஐகானைக் காட்டி 'நெட் இல்லை' என்று சொல்லும். சொல்வதோடு சரி, அதை நம்பி வழி மாறும் என்று காத்திருக்காதீர்கள். கேபிளைப் பிடுங்குங்கள், அல்லது அந்த அடாப்டரை டிஸேபிள் செய்யுங்கள். மேக்கில் அந்தச் சர்வீஸை இன்ஆக்டிவ் ஆக்கலாம்.

உபுண்டு போன்ற லினக்ஸ் டெஸ்க்டாப்புகளில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. நெட்வொர்க்மேனேஜர் அவ்வப்போது வெளியே தொடர்பு கிடைக்கிறதா என்று பார்க்கும். கிடைக்காத இணைப்பின் மெட்ரிக்கோடு 20000-ஐக் கூட்டிவிடும். ஐபி ரூட் அடித்தால் 20100 என்றோ 20600 என்றோ தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது 100-உம் 600-உம்தான், தண்டனையோடு. அந்தப் பக்கம் நெட் இல்லை என்று அர்த்தம். ஆனால் இதிலும் சில நேரம் ஏமாறலாம். ஆபீஸில் ஃபயர்வால் அந்தச் சோதனையை மட்டும் தடுத்தால், நன்றாக இருக்கும் கேபிளுக்கும் 20000 விழும்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது என்றால் கணினியில் மல்லுக்கட்ட வேண்டாம். இரண்டு லைனை ஏற்கும் டூயல் வேன் ரவுட்டர் ஒன்றை வாங்கி, வெளியே ஒரு முகவரிக்கு பிங் செய்து லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் வசதியை அதில் ஆன் செய்யுங்கள். கணினிக்கு எப்போதும் ஒரே கேட்வே.

இடையில் ஒன்று. இரண்டு லைனுக்கும் ஒரே மெட்ரிக் போட்டால் வேகம் கூடிவிடும் என்று சிலர் முயல்கிறார்கள். கூடாது. ஒரு டவுன்லோடு ஒரு வழியில்தான் இறங்கும். சில வங்கித் தளங்கள் நடுவில் ஐபி மாறினால் லாகவுட் வேறு செய்துவிடும்.

அறிகுறி: விபிஎன் போட்டால் கோளாறு, எடுத்தாலும் கோளாறு

விபிஎன்தான் டேபிளை அதிகம் கலைத்துப் போடும். அதனால் விபிஎன் இணைப்பதற்கு முன் ஒரு முறை, இணைத்த பின் ஒரு முறை ரூட் பிரிண்ட் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

டீஃபால்ட் ரூட் வீட்டு ரவுட்டரையே காட்டுகிறது, மெட்ரிக்கும் சரி, ஆனால் ட்ரேசர்ட்டின் முதல் வரியில் வேறு முகவரி வருகிறது. குழம்ப வைக்கும் நிலைமை இது. டேபிளில் இன்னும் கொஞ்சம் தேடுங்கள். 0.0.0.0 என்ற முகவரி 128.0.0.0 என்ற மாஸ்க்கோடு ஒரு வரியும், 128.0.0.0 என்ற முகவரி அதே மாஸ்க்கோடு இன்னொரு வரியும் இருக்கும். ஓபன்விபிஎன் பெரும்பாலும் செய்யும் தந்திரம் இது. உலகத்தை இரண்டு பாதியாக வெட்டி, இரண்டு /1 வரிகளாகப் போடுகிறது. /0-ஐவிட /1 குறுகலானது என்பதால், உங்கள் டீஃபால்ட் ரூட்டைத் தொடாமலே அது மொத்தத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இங்கே மெட்ரிக்கை 1 ஆக்கினாலும் பயனில்லை, அகலத்திலேயே தோற்றாகிவிட்டது. ஆபீஸ் முகவரிகள் மட்டும் விபிஎன்னில் போனால் போதும் என்றால் அதை சர்வர் பக்கம் மாற்ற வேண்டும். ஐடி ஆட்களிடம் ஸ்ப்ளிட் டன்னல் என்று கேளுங்கள். கம்பெனிக் கொள்கை விடாவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள்.

விண்டோஸின் சொந்த விபிஎன் வேறு மாதிரி. இணைந்ததும் வீட்டு டீஃபால்ட் ரூட்டின் மெட்ரிக் நாலாயிரத்துச் சொச்சமாக ஏறியிருக்கும், விபிஎன்னின் எண் சின்னதாக இருக்கும். அதை நிறுத்த, விபிஎன் இணைப்பின் ஐபிவி4 அட்வான்ஸ்டு பக்கத்தில் 'யூஸ் டீஃபால்ட் கேட்வே ஆன் ரிமோட் நெட்வொர்க்' என்ற டிக்கை எடுக்க வேண்டும். எடுத்ததும் நெட் வீட்டு வழியாகப் போகும், சரி. ஆனால் ஆபீஸ் சர்வர்கள் சில கிடைக்காமல் போகலாம். விபிஎன் உங்களுக்கு 10-இல் தொடங்கும் முகவரி கொடுத்தால் விண்டோஸ் 10.0.0.0/8-ஐ மட்டும் அந்தப் பக்கம் அனுப்பும். சர்வர் 172.16-இல் இருந்தால் அதற்குத் தனியாக ஒரு வரி சேர்க்க வேண்டியதுதான். பவர்ஷெல்லில் ஆட்-விபிஎன்கனெக்ஷன்ரூட் அதற்கென்றே இருக்கிறது.

லினக்ஸில் வயர்கார்டு, டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன்கள் ஓடினால் 'ஐபி ரூட்' முழுக்கதையைச் சொல்லாது. அவை பெரும்பாலும் தங்களுக்கென்று தனி டேபிள் வைத்துக்கொள்கின்றன. 'ஐபி ரூல்' அடித்தால் எந்தெந்த டேபிள் எந்த வரிசையில் பார்க்கப்படுகிறது என்று தெரியும். டெயில்ஸ்கேலின் டேபிள் எண் 52. 'ஐபி ரூட் ஷோ டேபிள் 52' என்று கேட்டால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும்.

விபிஎன் இணைந்திருக்கிறது, ஆபீஸில் 192.168.1.20-இல் இருக்கும் சர்வர் மட்டும் வரவில்லை என்றால், உங்கள் வீட்டு நெட்வொர்க்கும் 192.168.1.0/24 தானே என்று பாருங்கள். கணினிக்கு அந்த முகவரி பக்கத்து அறையில் இருப்பதாகத் தோன்றும். விபிஎன் பக்கம் திரும்பியே பார்க்காது. வீட்டு ரவுட்டரின் லேன் முகவரியை 192.168.77.1 மாதிரி யாரும் வைக்காத ஒன்றாக மாற்றிவிடுங்கள். புரோகிராமர்களின் கணினியில் இதே கோளாறு டாக்கர் என்ற மென்பொருள் வழியாக வரும்: அது 172.17.0.0/16-ஐத் தனக்கென்று எடுத்துக்கொள்வதால், 172.17-இல் இருக்கும் ஆபீஸ் சர்வர் காணாமல் போய்விடும்.

விபிஎன்னை மூடியபின் நெட்டே இல்லை என்றால், மென்பொருள் பாதியில் செத்து, போட்ட வரிகளை எடுக்காமல் போயிருக்கிறது. அந்த /1 வரிகள் இன்னும் இருக்கின்றனவா பாருங்கள். விபிஎன்னை மறுபடி இணைத்து ஒழுங்காகத் துண்டித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இல்லையென்றால் அடாப்டரை ஒருமுறை டிஸேபிள் செய்து எனேபிள் செய்யுங்கள்.

அறிகுறி: டீஃபால்ட் ரூட்டே இல்லை

0.0.0.0 வரியே காணோம், கணினியின் முகவரி 169.254 என்று தொடங்குகிறது. டிஹெச்சிபி பதில் சொல்லவில்லை, கணினி தானே ஒரு முகவரியை வைத்துக்கொண்டது. மெட்ரிக்கைத் தேடி நேரத்தை வீணாக்காமல் கேபிளையும் ரவுட்டரையும் பாருங்கள். ரவுட்டரை அணைத்துப் போட வேண்டிய இடம் உண்மையில் இதுதான்.

அறிகுறி: ஐபி போட்டால் வருகிறது, பெயர் போட்டால் வரவில்லை

8.8.8.8-க்கு பிங் போகிறது, தளத்தின் பெயரைப் போட்டால் திறக்கவில்லை. இது டிஎன்எஸ் விஷயம். வழி சரியாக இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றும் இடம்தான் தப்பு. பழைய இணைப்பின் டிஎன்எஸ் முகவரி யாராவது கையால் போட்டு அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: மாற்றினேன், ஆனால் மாறவில்லை

டேபிளில் புது வழி தெரிகிறது, வீடியோ கால் மட்டும் பழைய லைனிலேயே திணறுகிறது. ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு, தொடங்கும்போது எந்த முகவரியிலிருந்து கிளம்பியதோ பெரும்பாலும் அதையே பிடித்துக்கொண்டிருக்கும்.  காலை வெட்டிவிட்டு மறுபடி சேருங்கள், பிரவுசரை முழுதாக மூடித் திறங்கள்.

நேற்று சரியாக இருந்தது, இன்று பழையபடி ஆகிவிட்டது என்றால், எங்கே மாற்றினீர்கள் என்பதைப் பொறுத்தது. லினக்ஸில் ஐபி ரூட் கட்டளையால் செய்த மாற்றம் இணைப்பு மறுபடி எழும்போது போய்விடும். நெட்வொர்க்மேனேஜரின் கனெக்ஷனில் ரூட் மெட்ரிக்காகப் போட்டால்தான் நிற்கும். விண்டோஸில் அடாப்டருக்குப் போட்ட மெட்ரிக் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் இருக்கும். ஆனால் அது அந்த அடாப்டருக்கு மட்டும். யூஎஸ்பி டாங்கிளைப் பிடுங்கி வேறு போர்ட்டில் செருகினால், சில டாங்கிள்களை விண்டோஸ் புதுசு என்று நினைத்து 'ஈதர்நெட் 5' என்று இன்னொரு பெயர் வைத்துவிடும், மெட்ரிக்கும் ஆட்டோமேட்டிக்கிலிருந்து தொடங்கும். போர்ட்டின் மேல் ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்டி, எப்போதும் அதிலேயே செருகுங்கள்.